ஆள் வேண்டாத கூடைகள்

போன மாதம் ஒரு விடுதிக்காரர் என்னைத் தேடி, கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டிக்கு வந்தார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சாணியை மிதித்துவிடாமல் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய விடுதி வராந்தாவில் வரிசையாகக் கூடைகளைத் தொங்கவிடப் போகிறாராம். வருஷம் முழுக்கப் பச்சை தெரிய வேண்டுமாம். பனிக்கும் காற்றுக்கும் தாங்க வேண்டுமாம்.

"அதோட, மெயின்டனன்ஸே இருக்கக் கூடாதுங்கம்மா. ஆளே தேவைப்படாத செடியாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"அப்ப பிளாஸ்டிக் வாங்கி மாட்டிருங்க" என்றேன்.

"அதையும் விசாரிச்சோம். வெயில்ல வெளுத்துப் போகுதாம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

கேலி செய்வதுகூடப் புரியாத ஆளிடம் என்ன பேசுவது? காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆளே தேவைப்படாத செடி. அதே சொல்லை அறுபதுகளில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று அதைக் கேட்டு நான்கு பெண்களின் வேலை போயிற்று. அவர்களில் நானும் ஒருத்தி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் செடிகளின் பெயர்களும் வரும். வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஐம்பதுகளின் நடுவில், கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அது இப்போது பல கை மாறிவிட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்தேன். அந்தப் படிப்புக்கு ஹோட்டலில் கிடைத்த மரியாதை, எருக்கூடையைத் தலையில் ஏற்றிவிட இன்னொருத்தி துணைக்கு வந்ததுதான். முதல் சில வருஷங்கள் எரு சுமந்தேன், தண்ணீர் சுமந்தேன், தொட்டி கழுவினேன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்போதெல்லாம் எங்களுக்குச் 'சீசன் ஆள்' என்று பெயர். பங்குனியில் கூப்பிடுவார்கள். சித்திரை, வைகாசி முழுக்க முதுகு ஒடிய வேலை. ஆனி பிறந்து, கடைசி விருந்தாளி மலையிறங்கியதும் எங்களையும் இறக்கிவிடுவார்கள். பூக்களுக்கும் அதே கதைதான். பெங்களூரிலிருந்து லாரியில் பெட்டூனியா வரும். சிவப்பும் ஊதாவுமாகக் கூடைகளில் தொங்கும். விருந்தாளிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனிக் காற்று ஒரே வாரம் அடித்தால் போதும், நனைந்த காகிதம்போலக் கம்பியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்தக் கொடைக்கானலில் பெட்டூனியாவைத் தொங்கவிடுகிறவர்களை அன்றும் நான் மதித்ததில்லை, இன்றும் மதிப்பதில்லை. தரையில் வைத்தால் அது பூச்செடி. கூடையில் தொங்கவிட்டால் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்த புடவை.

இதை மாற்றியவர் ஐரீன் அம்மா. ஹோட்டலின் அறைகள், சமையல், சலவை, தோட்டம் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை அவர்தான். ரயில்வே குடும்பத்தில் பிறந்த ஆங்கிலோ-இந்தியப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, பழுப்பு நிற ஸ்வெட்டர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். காலையில் வராந்தாவில் நடந்து வருவார். ஒவ்வொரு கூடையையும் ஒற்றை விரலால் லேசாகத் தள்ளுவார். அது ஆடுகிற ஆட்டத்திலேயே ஈரம் இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஈரக் கூடை கனத்து மெதுவாக அசையும். காய்ந்த கூடை துள்ளும். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போவார். சரியில்லை என்றால் கழற்றி, நமக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, "ரப்பிஷ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நாய்க்குச் சோற்றுத் தட்டு வைப்பதுபோல இருக்கும். அவர் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்ற சொல்லைக் கடைசி வரை நான் கேட்டதில்லை.

ஆனாலும் அவருக்குச் செடி தெரியும். அதை மறுக்க முடியாது.

"பாட் வேற, பாஸ்கெட் வேற" என்பார். "தரையில இருக்கிற செடிக்கு ஒரு பக்கம்தான் குளிர். தொங்குற செடிக்குக் கீழேயும் குளிர், மேலேயும் குளிர். வேர் வரைக்கும் காத்துப் போகும். தரையில பத்து வருஷம் வாழ்ற செடி கூடையில ஒரு வருஷம் நிக்குமான்னு பாரு. நின்னாத்தான் என் வராந்தாவுக்கு வரலாம்."

அப்படிப் பார்ப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சலவைக் கொட்டகையின் மேற்கு மூலை. கூரை கிடையாது, மரம் கிடையாது. ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற பனி முழுவதும் அங்கேதான் இறங்கும். எந்தச் செடியானாலும் கூடையில் நட்டு அந்த மூலையில் ஒரு முழு வருஷம் தொங்க வேண்டும். தண்ணீர் உண்டு. சாக்குப் போட்டு மூடுவது, வெயிலுக்கு இடம் மாற்றுவது போன்ற சலுகை எதுவும் கிடையாது. ஆனி ஆடிக் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி தை உறைபனி, மாசி வறட்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தால் வராந்தா. இல்லாவிட்டால் எருக்குழி. என்னோடு வேலை செய்த பாப்பாத்தி அந்த மூலைக்குக் 'கோர்ட்டு' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கோர்ட்டில் தோற்றவற்றைச் சொல்கிறேன். பெட்டூனியா காற்றிலேயே முடிந்தது. லொபீலியா மழையில் அழுகியது. கிழங்கு பிகோனியா முதல் பனியில் வெந்த கீரை ஆயிற்று. ஜெரேனியத்தைப் பற்றி எல்லோரும் பெருமை பேசினார்கள். தை மாதம் ஒரு காலையில் பார்த்தால் அடுப்பில் போட்டு எடுத்ததுபோலக் கறுத்துத் தொங்கியது. ஃபியூஷியா சாகவில்லை. ஆனால் இலையெல்லாம் உதிர்ந்து மூன்று மாதம் விளக்குமாறாக நின்றது. "சாகாமல் இருந்தா மட்டும் போதுமா? பார்க்கிற மாதிரி இருக்கணும்" என்று ஐரீன் அம்மா அதையும் எருக்குழிக்கு அனுப்பினார்.

ஜெயித்தவை யாரும் மதிக்காத செடிகள். வெள்ளைக்காரர் பங்களாச் சுவர்களில் படரும் ஐவி. வெள்ளை விளிம்பு போட்ட இலையோடு நீளமாக வழியும் பெரிவிங்கிள் கொடி. இந்த ஊர்க் கல்சுவர் இடுக்கெல்லாம் தானாக முளைத்து, வருஷம் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் சின்ன டெய்சி. தடித்த இலைகளில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடம். சோலைக்காட்டு மரங்களில் ஒட்டி வளரும் பெரணி. ஒன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒருவரும் மதிக்கவில்லை.

கூடை கட்டுவதிலும் அவருடைய முறை தனி. கம்பிக் கூடைக்கு உள்ளே பாசியை உள்ளங்கை கனத்துக்கு வைத்து அடுக்க வேண்டும். விழுந்து கிடக்கிற மரத்திலிருந்துதான் பாசி எடுக்கலாம். நிற்கிற மரத்தில் உரித்துக்கொண்டு வந்தால் அவருக்குப் பார்த்த உடனே தெரியும், கூடையோடு வெளியே எறிவார். இலைமக்கு, பழைய சாணி எரு, மணல், கொஞ்சம் கரித்தூள் கலந்து நிரப்ப வேண்டும். பாதி நிரப்பியதும் கம்பி இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் செடியின் வேரை உள்ளே விட்டு, மறுபடி மண், மறுபடி செடி என்று மேலே வர வேண்டும். மேல் மண் நடுவில் குழிந்திருக்க வேண்டும், ஊற்றுகிற தண்ணீர் வழிந்து ஓடாமல் இருக்க. கடைசியில் கூடையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை பிடித்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கையை விட்டவர்களுக்குத்தான் தெரியும். இன்று கடையில் தேங்காய் நார்த் தட்டு ஒன்றை வாங்கிக் கூடையில் போட்டு, மேலே இரண்டு செடியை ஊன்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் சிரித்துக்கொண்டே வெளியேறுகிறது.

இப்படி வராந்தா முழுக்க வருஷக் கூடைகள் வந்த பிறகு, ஐரீன் அம்மா அப்போதிருந்த முதலாளியிடம் பேசி எங்கள் நான்கு பேரையும் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டார். எங்கள்மேல் இருந்த பிரியத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் தண்ணீர் ஊற்ற, வாடியதைக் கிள்ள, கொடியைக் கத்தரிக்க அவருக்குக் கை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு அது கூடுதல் கூலி. பாப்பாத்திக்கு அது வேறு விஷயம்.

பாப்பாத்தி ஆடலூர்ப் பெண். அதே ஊரில் காப்பித் தோட்டக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவன் குடிக்காத நாளிலும் அடிப்பான். அதனால் குடியின்மேல் பழி போடவும் வழியில்லை. சீசன் வேலை என்று சொல்லிக் கொடைக்கானலுக்கு வந்துவிடுவாள். சீசன் முடிந்ததும் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய், புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வருவான். "சோலி இல்லாதவ இங்க எதுக்குக் கெடக்கணும்?" என்பது அவன் வாதம். வருஷ வேலை கிடைத்ததும் அந்த வாதம் போயிற்று. கடைத்தெருவில் காதர் பாய் இரும்புக் கடை வைத்திருந்தார். எங்களுக்குக் கம்பிக் கூடை கட்டித் தருகிறவர் அவர்தான். அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையைப் பாப்பாத்திக்கு வாடகைக்கு விட்டார். அண்ணன் இரண்டு முறை வந்தான். காதர் பாயின் மனைவி வாசலிலேயே நின்று, "அவ சோலிக்குப் போயிருக்கா, நீரு போயிட்டு வாரும்" என்று திருப்பி அனுப்பினார். பிறகு அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். பாப்பாத்தி அந்தச் சில வருஷங்களில் உடம்பு வைத்தாள். வேலை செய்யும்போது பாட ஆரம்பித்தாள். குரல் நன்றாக இருக்காது.

அறுபதுகளில் ஹோட்டல் கை மாறியது. கீழே நூல் மில் வைத்திருந்த ஒருவர் வாங்கினார். வரதராஜன் என்று ஒரு மேனேஜரை அனுப்பினார். வரதராஜன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டும். ஒரு பொருளைப் பார்த்தால் அது இல்லாமல் ஓட்ட முடியுமா என்று மட்டும்தான் அவருக்கு யோசிக்கத் தெரியும்.

அந்தத் தை மாதம் புது முதலாளி குடும்பத்தோடு வந்தார். முந்திய வாரம் கடுமையான பனி. ஊரில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. எங்கள் வராந்தாவில் மட்டும் கூடைகள் பச்சையாகத் தொங்கின. முதலாளியின் மனைவி அதைப் பார்த்து வாய் ஓயாமல் பேசினார். வராந்தாவில் தேநீர். நான் கொஞ்சம் தள்ளி முக்காலியில் நின்று டெய்சியில் காய்ந்த பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குப் பக்கத்தில் ஐரீன் அம்மாவும், கைகட்டியபடி மேனேஜரும் நின்றார்கள்.

"எப்படிம்மா இந்தப் பனியில இதுங்க நிக்குது?" என்று முதலாளி கேட்டார்.

வாழ்நாளில் ஐரீன் அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போல. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சார், இது நானே செலக்ட் பண்ணின செடிங்க. பனி, காத்து, மழை எதுக்கும் அசையாது. யாரும் கவனிக்க வேண்டாம். தானா நிக்கும். ஆளே தேவையில்லை சார்!"

நான் அங்கேயே முக்காலியின்மேல் நிற்கிறேன். என் இடுப்பில் கத்தரி தொங்குகிறது. மடியில் அன்று காலை கிள்ளிய சருகு இருக்கிறது. இவர் ஆளே தேவையில்லை என்கிறார். முதலாளி தலையாட்டினார். மேனேஜர் தலையாட்டவில்லை, யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. அந்தச் சீசன் முடிகிறபோது மேனேஜர் எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். "ஆனியோட உங்க வேலை முடியுது. அடுத்த பங்குனிக்குச் சொல்லி அனுப்புறேன். செடிக்கு ஆள் வேண்டாம்னு மேடமே சொல்லிட்டாங்க."

நான் நேராக ஐரீன் அம்மாவின் அறைக்குப் போனேன். ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது. சலவைத் துணி எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நான் செடியைத்தான் சொன்னேன்" என்றார்.

"செடிக்கு ஆள் வேண்டாம்னா எங்களுக்கு வேலை வேண்டாம்னுதானே அர்த்தமுங்க?"

"நான் அப்படி மீன் பண்ணலை."

"அப்ப அதை மேனேஜர்கிட்ட சொல்லுங்க. தப்பாச் சொல்லிட்டேன், தினமும் நாலு பேரு பாக்கறதாலதான் அது நிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முதலாளிக்கு முன்னால் சொன்னதை மேனேஜருக்கு முன்னால் மாற்றிச் சொல்ல அவரால் முடியாது. மூலையில் செடிகளை வருஷக்கணக்கில் பனியில் நிற்கவைத்த அம்மாளுக்கு, மேனேஜர் அறையில் ஐந்து நிமிஷம் நிற்க முதுகெலும்பு இல்லை. "நீ போய் வேலையைப் பார்" என்றார். போனேன்.

வேலை என்ன என்றால், கிளம்புவதற்கு முன் கூடைகளை எல்லாம் புதுசாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆனியில் அது வழக்கம். பழைய மண்ணைத் தட்டி, செடியைப் பிரித்து, மறுபடி நடுவோம். கொட்டகையில் உட்கார்ந்து பாப்பாத்தி பெரணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை.

"பொன்னு, எங்கண்ணன் ஆடி பொறந்ததும் வந்துருவான்" என்றாள்.

"எங்க வீட்டுக்கு வா."

"ஒரு மாசம் வச்சுக்குவ. அப்புறம்?"

அவள் கையில் இருந்த பெரணியைப் பார்த்தேன். நல்ல செடி. நட்டுவிட்டால் போதும், கத்தரி வேண்டாம், கிள்ள வேண்டாம், ஒரே வட்டமாக அடக்கமாக நிற்கும். பக்கத்தில் செடம், அதுவும் அப்படித்தான். ஐரீன் அம்மா சொன்ன பொய்யை உண்மையாக்கக் கூடிய செடிகள் இவைதான். இவற்றை விட்டுப் போனால் மழையே பார்த்துக்கொள்ளும், நாங்கள் இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது.

மற்ற மூன்றும் வேறு சாதி. பனியில் சாகாது, காற்றில் சாகாது. ஆனால் கை படாவிட்டால் அவலட்சணம். ஐவிக்கு ஏறுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும், கூரை, ஜன்னல், ஓடு எதையும் விடாது. பெரிவிங்கிள் கீழே கீழே வழிந்து சாட்டையாகத் தொங்கும். டெய்சியில் வாடிய பூவைக் கிள்ளாவிட்டால், சவரம் செய்யாத கிழவன் தாடிபோல ஆகிவிடும்.

"பெரணியை எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால வை" என்றேன். "செடத்தையும் வை. தோட்டத்துச் சுவரில பழைய ஐவி இருக்கில்ல, நல்லா நீளமா ஓடினது, அதை வேரோட பேத்துட்டு வா."

பாப்பாத்தி எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தாள்.

பாதிக் கூடைகள் முடிந்திருந்தபோது ஐரீன் அம்மா கொட்டகைக்கு வந்தார். வரிசையாக வைத்திருந்த கூடைகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஐவி, பெரிவிங்கிள், டெய்சி.

"பெரணி எங்கே?"

"வேர் அழுகிப்போச்சுங்கம்மா."

கொட்டகைக்குப் பின்பக்கச் சன்னல் திறந்திருந்தது. அதன் வழியாகப் பெரணிகள் எல்லாம் கொழுகொழுவென்று வரிசையாகத் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். செடி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. ஏமாற்ற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. கத்தட்டும், நானும் கத்தலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

அவர் கத்தவில்லை. ஒரு கூடையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஐவியின் நீளமான கொடியை விரலில் சுற்றி, விட்டார்.

"ஐவியை இவ்வளவு உள்ளே நட்டா எப்படி?" என்றார். "விளிம்புக்குக் கொண்டு வா. சீக்கிரம் மேலே ஏறணும்."

கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கெழவிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் பாப்பாத்தி.

"தெரியட்டும்" என்றேன். எனக்கு நன்றியெல்லாம் வரவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டவர், கொட்டகைக்கு வந்து எனக்கு நடவு சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் ஐவியை விளிம்புக்குக் கொண்டு வந்து நட்டேன். சொன்னது சரியாக இருந்தது.

இதைக் குறும்பு என்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். அவர்கள் யாரும் ஆடி மாதத்தில் வேலை இழந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஆடியில் கிளம்பினோம். நான் வில்பட்டியில் பூண்டு வயலில் களையெடுக்கப் போனேன். பாப்பாத்தி எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். ஆவணியில் அவள் அண்ணன் தேடிக்கொண்டு வந்தான். நான் சண்டை போட்டேன். அவன் அவளைப் பார்த்து மட்டும், "வேலைதான் இல்லையே, கெளம்பு" என்றான். அவள் என்னைப் பார்க்காமலே துணியை மூட்டை கட்டினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளிக்கு முதலாளி சொந்தபந்தங்களோடு ஹோட்டலுக்கு வந்திருந்தார். அதற்கு மறுநாள் ஹோட்டல் வாட்ச்மேன் வில்பட்டிக்கு ஓடி வந்தான், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

"மேனேஜர் ஒடனே வரச் சொன்னாரு. வெரசா வாங்க."

"களை பாக்கி இருக்கு. முடிச்சுட்டு நாளைக்கு வெள்ளனே வர்றேன்னு சொல்லு."

மழையில் நின்று மூன்று முறை கெஞ்சினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் மறுநாள்தான் போனேன்.

வராந்தாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. டெய்சியெல்லாம் பழுப்புத் தாடி. பெரிவிங்கிள் கொடிகள் காற்றில் சாட்டையாக அடித்துக்கொண்டிருந்தன, ஆட்கள் குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. ஐவி, கூரைத் தண்ணீரை வாங்கும் தகரப் பீலிக்குள் நுழைந்து படர்ந்திருந்தது. யூக்கலிப்டஸ் இலையெல்லாம் அதில் சிக்கி, பீலி அடைத்துக்கொண்டு, தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் சுவர் வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் இறங்கியது. மேஜைகளுக்கு நடுவே வாளிகள். தீபாவளிப் பலகாரத் தட்டுகளை மாடிப்படியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வெயிட்டரை ஏற்றிக் கத்தரிக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். அவன் பாதிக் கொடியை இழுத்ததில் பீலியே ஓரிடத்தில் கழன்று தொங்கியது.

"என்னம்மா இது செடியா, பேயா?" என்றார் மேனேஜர்.

"நல்லாத் தாங்குற செடிங்க சார். பனிக்கும் அசையாது" என்றேன்.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுரு!"

ஐரீன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "பிடுங்கலாம் மிஸ்டர் வரதராஜன். முதலாளி அம்மா கூடை எங்கேன்னு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க. புதுச் செடி ரெடியாக ஒரு வருஷம் ஆகும்."

அந்தச் சத்தத்தில் முதலாளியே அங்கே வந்துவிட்டார், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு. என்னைப் பார்த்து, "யாரு இவங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஐரீன் அம்மா சொன்னார்: "சார், தை மாசம் ஆளே தேவையில்லைன்னு சொன்னேனே, அந்த ஆளுங்கள்ல இவ ஒருத்தி."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஒன்பது மாதம் தாமதமாக, சுற்றி வளைத்து, தன் மரியாதைக்கு ஒரு குறையும் வராமல் அவர் சொன்ன திருத்தம் அது. என்னால் அதற்குமேல் அதை உயர்த்திச் சொல்ல முடியாது.

"இன்னைக்கே வெட்டிச் சரி பண்ணிர்றேன் சார்" என்று முதலாளியிடமே சொன்னேன். "ஆனா நாலு பேரும் வரணும். வருஷம் முழுக்க வரணும். நடுவுல நிறுத்தினா இது மறுபடி கூரைக்குப் போயிரும்."

"அதுக்கென்ன, வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி ஒழுகாத பக்கமாகப் போய் உட்கார்ந்தார். எங்கள் தலையெழுத்தை மாற்றிய பேச்சு அவருக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

பாக்கி இரண்டு பேர் உள்ளூர்க்காரர்கள், அன்றே வந்துவிட்டார்கள். பாப்பாத்தியை அழைத்து வர நான் ஆடலூருக்குப் போனேன். பஸ்ஸும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே இருந்து வந்தாள். இடது கையில் மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றியிருந்தது. விரல்கள் வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன.

"மெளகு பறிக்க ஏணியில ஏறுனா, விழுந்துட்டா" என்றான் அவன், நான் கேட்பதற்கு முன்பே.

ஐப்பசியில் மிளகு பச்சைப் பிஞ்சாக இருக்கும். எவன் ஏணி வைத்துப் பறிக்கிறான்? பொய் சொல்வதற்குக்கூட அந்த ஆள் மெனக்கெடவில்லை. அவ்வளவுதான் அவன் எங்களை மதித்தது.

"வருஷ வேலை, பாப்பாத்தி. முதலாளியே சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் உள்ளே போனாள். மூட்டையை ஒரு கையாலேயே கட்டிக்கொண்டு வந்தாள். அவன் எழுந்தான். என் இடுப்பில் கத்தரி இருந்தது. நான் அதைத் தொடவில்லை, ஆனால் அவன் அதைப் பார்த்தான். பாப்பாத்தி அவனைத் தாண்டி நடந்து பாதைக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அவள் ஆடலூருக்குப் போகவே இல்லை.

அந்தக் கை நேராகவில்லை. கம்பி முறுக்க, பாசி அடுக்க அவளால் முடியாமல் போயிற்று. கத்தரிக்கவும் தண்ணீர் ஊற்றவும் முடிந்தது. "ஒத்தைக் கையை வச்சு என்ன செய்வா?" என்று மேனேஜர் ஒருநாள் கேட்டார். கூரையில் மிச்சமிருந்த ஐவியைக் காட்டினேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பீலியில் ஒட்டிக் கிடந்த பழைய கொடிகளை வெட்டச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஏணி வைத்தோம். "நானே ஏறுறேன்" என்று பாப்பாத்தி பிடிவாதம் பிடித்தாள். வலது கையில் கத்தரி. இடது முழங்கையை ஏணிச் சட்டத்தில் கோத்துக்கொண்டு ஏறினாள். நான் கீழே கொடிகளை அள்ளிக்கொண்டிருந்தேன். ஐரீன் அம்மா வராந்தாவில் வந்தார். வழக்கம்போலக் கூடையைத் தள்ளிப் பார்க்கவில்லை. பாப்பாத்தியின் கையைப் பார்த்தார். பூட்ஸோடு சேற்றில் இறங்கி வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் ஏணியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"பிடிக்க வேண்டாங்கம்மா" என்றாள் பாப்பாத்தி மேலே இருந்து. "நான் ஏணியில இருந்து விழலைங்க."

ஐரீன் அம்மா ஏணியை விடவில்லை. மேலே இருந்து அழுகிய இலையும் கறுப்புத் தண்ணீரும் அவருடைய ஸ்வெட்டரின்மேல் விழுந்துகொண்டே இருந்தன. பாப்பாத்தி குனிந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வோர் இலையாக வெட்ட ஆரம்பித்தாள்.